தொண்ணூத்தெட்டா, எக்ஸ்பியா?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. அதுலருந்து பாக்கறவங்க எல்லாம் "பதினொன்னுக்கு மாறலாமுங்களா?"ன்னு கேக்கறாங்க. இருபது வருசத்துக்கு முன்னாடியும் இதே பஞ்சாயத்து ஓடுச்சு மக்களே. ஆனா அப்ப மாறலீன்னா தமிழே தெரியாது!

யூனிகோடுல தமிழுக்கு இடம் கெடச்சது 1991-ல. விண்டோஸ்ல தமிழ் ஒழுங்கா வந்து உக்காந்தது விண்டோஸ் 2000-ல, லதா எழுத்துருவோட. நம்ம கோயமுத்தூர்ல வீட்டுலயும் காந்திபுரம் பிரவுசிங் சென்டர்லயும் இருந்ததென்னவோ 98 தான். அதுல யூனிகோடு பக்கத்தத் தொறந்தா வெறும் கட்டம் கட்டமா நிக்கும். எழுத்துருவ எறக்கிப் போட்டாலும், 'கோவை'ன்னு எழுதினா ஐகாரக் கொம்பு 'வ'வுக்குப் பின்னால போய் ஒக்காந்துக்கும். எழுத்தை இடம் மாத்தி வைக்கற வேலை இயங்குதளத்தோடது, எழுத்துருவோடது மட்டுமில்ல.

சரி, 2001 அக்டோபர்ல வந்த எக்ஸ்பிக்கு மாறிடலாம்னா, 98-க்கு 16 எம்பி ராம் போதும். எக்ஸ்பி குறைஞ்சது 64 கேக்கும், 128 இருந்தா நல்லதும்பாங்க. எங்கூட்டுப் பொட்டியில 32. அப்புறம் எப்படிங்க? ராம் வாங்கி எக்ஸ்பி போட்டாலும் தமிழ் தானா வராது. கண்ட்ரோல் பேனல்ல 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்'னு ஒரு கட்டத்துல டிக் பண்ணணும், உடனே சிடியப் போடுன்னு கேக்கும். எங்களுக்கு அசெம்பிள் பண்ணிக் குடுத்தவரு சிடியக் கண்ணுலயே காட்டலை. ரெண்டு நடை அலைஞ்சேன்.

மாற முடியாதவங்களுக்கு உதவுனவரு அதிராம்பட்டினம் உமர் தம்பி. அவரு செஞ்ச தேனீ இயங்கு எழுத்துரு, பக்கத்தோடவே எறங்கி இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல தமிழக் காட்டும். 98 வச்சிருந்தவனும் படிச்சான். விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவ நிறுத்தினது 2006 ஜூலை 11. மறுநாள், ஜூலை 12, உமர் தம்பி காலமானார். இந்த ரெண்டு தேதியையும் சேத்துப் பாத்தப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அச்சகக்காரங்க கதை வேற. அவங்க பொழப்பு பேஜ்மேக்கர்ல. அதுக்கு யூனிகோடே தெரியாது. 1999 சென்னை தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அரசு தரப்படுத்தின டாம், டாப் மாதிரி எட்டு பிட் எழுத்துருக்கள் 98-லயே ஜோரா ஓடுச்சு. கல்யாணப் பத்திரிகை அடிக்க எக்ஸ்பி எதுக்கு? அவங்க மாறாம இருந்தது சரியான கணக்குன்னுதான் சொல்லுவேன்.

2010 ஜூன்ல நம்மூர்ல செம்மொழி மாநாடு, கூடவே தமிழ் இணைய மாநாடு. அதையொட்டித்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரம்னு அறிவிச்சுது. யூனிகோடு வந்து பத்தொன்பது வருசங் கழிச்சு! அதுக்குள்ள வீட்டுல இருந்தவங்கல்லாம் ராம் வாங்கி, சிடி தேடி, மாறியே முடிச்சிருந்தோம்.

நீங்க எந்த வருசம் மாறுனீங்க? சொல்லுங்க.