உங்கள் கார்டில் இத்தனை பூட்டுகள் ஏன்?



மருந்துக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் தினமும் நீட்டுகிறோமே, அந்தக் கார்டின் கதை 1950-ல் நியூயார்க்கில் தொடங்குகிறது. ஃபிராங்க் மெக்னமாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'டைனர்ஸ் கிளப்' என்ற பெயரில் ஒரு காகித அட்டை கொடுத்தார்கள். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். பணத்தைப் பிறகு மொத்தமாகக் கட்டலாம். நம் மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம்: பற்று எழுதும் அண்ணாச்சிக்கு உங்களைத் தெரியும். கார்டு வாங்கும் கடைக்காரருக்குத் தெரியாது. கார்டை நீட்டுவது உரியவர்தானா? அன்றுமுதல் இன்றுவரை இதுதான் கேள்வி.

1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலே கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. இந்தக் கார்டுதான் 1976-ல் 'விசா' ஆனது. ஆனால் தொடக்க வருடங்களில் திருட்டும் மோசடியும் வராக்கடனும் சேர்ந்து வங்கிக்குப் பெரும் நஷ்டம். கேட்காதவருக்குக் கார்டு அனுப்பக் கூடாது என்று அமெரிக்கா 1970-ல் சட்டமே போட்டது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு பூட்டும் இப்படி அடிபட்டுக் கற்றதுதான். கையெழுத்தைப் போலியாகப் போட்டார்கள். பின் நம்பர் வந்தது. பின்பக்கத்துக் கறுப்புக் காந்தப் பட்டையை நகலெடுத்தார்கள், சிப் வந்தது.

இந்தியாவில் 2009 ஆகஸ்டு முதல் ஆன்லைனில் வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. இன்று வரும் ஓடிபி அதன் தொடர்ச்சிதான். 2020-ல் இன்னொரு உத்தரவு: புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்துதல் மூன்றும் நாமே 'ஆன்' செய்தால்தான் வேலை செய்யும். ஃபிரெஸ்னோவில் நடந்ததற்கு நேர் எதிர்!

ஆனாலும் இடைவெளிகள் உண்டு. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும். தட்டிச் செலுத்தும்போது ரூ.5,000 வரை பின் நம்பர் தேவையில்லை. ஆகவே வெளிநாட்டுப் பயணமோ வாங்குதலோ முடிந்ததும் அந்த வசதியை வங்கி ஆப்பில் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடையில் 'ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?' என்று மெஷின் கேட்டால், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

முக்கியமாக, 2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் பணம் பறிபோனால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் நஷ்டம் உங்களுடையது அல்ல. நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டால், புகார் செய்யும்வரை போன பணம் போனதுதான்.

அதனால் வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் விடாதீர்கள்.