நாலு நிமிஷம்: வெட்சூட் கழற்றிய வரலாறு

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வரலாறு அப்புறம்.

இரண்டு வருஷம் முன்பு, இங்கே இங்கிலாந்தில் ஒரு ஏரியில் நடந்த சின்ன டிரையத்லானில் கலந்துகொண்டேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலில் எனக்குப் பின்னாலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள் என்பதே பெரிய சந்தோஷம். கரையேறி, சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடி, வெட்சூட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். இடுப்பு வரை வந்தது. முழங்கால் வரை வந்தது. கணுக்காலில் நின்றுவிட்டது. ஒற்றைக் காலில் நொண்டி, பக்கத்துச் சைக்கிளைப் பிடித்து, அதையும் இழுத்துக்கொண்டு புல்லில் விழுந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மகள், "அப்பா, உக்காந்து கழட்டுங்கப்பா!" என்று கத்தினாள். பின்னால் இருந்த அந்தப் பத்துப் பதினைந்து பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். முடிவுப் பட்டியலில் அந்த இடைவெளிக்கு மட்டும் நாலு நிமிஷம் சொச்சம்.

ஒரு உடுப்பைக் கழற்ற நாலு நிமிஷமா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தேட உட்கார்ந்தேன்.

அவர் பெயர் ஹ்யூ பிராட்னர். விளையாட்டுக்காரர் இல்லை, இயற்பியல் அறிஞர். இரண்டாம் உலகப்போரின்போது அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தபோது, அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் குளிரில் விறைப்பதற்கு ஏதாவது வழி உண்டா என்று யோசித்தார். அதுவரை எல்லோரும் நினைத்தது, உடம்பு நனையக் கூடாது என்பது. சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் தோல்வி. பிராட்னர் இதைத் தலைகீழாக்கினார். நனைந்தால் நனையட்டும், சூட்டைக் காப்பது உடுப்பின் துணிக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள்தானே என்றார். நண்பர் வில்லார்ட் பாஸ்கம் நியோப்ரீனை முயன்று பார்க்கச் சொன்னார். டூபாண்ட் நிறுவனம் 1930-ல் கண்டுபிடித்த செயற்கை ரப்பர் அது. நுரை போலப் பொங்க வைத்தால், உள்ளே லட்சக்கணக்கான மூடிய குமிழிகள்.

இங்கேதான் என் நாலு நிமிஷத்தின் வேர் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வரலாம், ஆனால் வந்த தண்ணீர் அங்கேயே நிற்க வேண்டும். புதுத் தண்ணீர் வந்து வந்து போனால் சூடும் அதோடு போய்விடும். அதனால் உடுப்பு உடம்போடு ஒட்ட வேண்டும், முக்கியமாகக் கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும். இறுக்கம் குறையாக வந்ததில்லை, தத்துவமே அதுதான்.

பிராட்னருக்கு இதனால் காசு எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை. காப்புரிமையும் இல்லை. கடற்படைக்கோ வேறு கவலை: குமிழிகள் நிறைந்த உடுப்பு எதிரியின் சோனார் கருவியில் வீரரைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று. பெயரும் பணமும் கிடைத்தது கடற்கரைக் கடைக்காரர்களுக்கு. 1952-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அலைச்சறுக்குக் கடை திறந்த ஜாக் ஓ'நீல் ஒருவர். தெற்குக் கலிபோர்னியாவில், பின்னாளில் 'பாடி க்ளவ்' என்று பெயர் வாங்கிய மெய்ஸ்ட்ரெல் சகோதரர்கள் இருவர். யார் முதல் என்று ரொம்ப நாள் சண்டை. பிராட்னர் 1951 ஜூனில் எழுதிய ஒரு கடிதம்தான் அந்த வழக்கைத் தீர்த்தது என்று சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து வெட்சூட்டைப் போடவே முகப்பவுடர் மாதிரி டால்க் பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டும். உள்பக்கம் வெறும் ரப்பர், தோலைப் பிடித்தால் விடாது, இழுத்தால் கிழியும். பிறகு நைலான் துணியை உள்ளே ஒட்ட ஆரம்பித்தபின் கொஞ்சம் இளகியது. ஆனால் கழற்றும் வேகத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முக்குளிப்பவருக்கும் அலைச்சறுக்குக்காரருக்கும் என்ன அவசரம்? கரைக்கு வந்து, கதை பேசிக்கொண்டே கழற்றலாம்.

அவசரம் வேறு இடத்திலிருந்து வந்தது.

1974 செப்டம்பர் 25, ஒரு புதன்கிழமை சாயங்காலம். சான் டியேகோவின் மிஷன் பே கடற்கழியில், ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹன் இருவரும் ஒரு விநோதப் போட்டி வைத்தார்கள். 46 பேர் வந்தார்கள். அதில் முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், நீச்சல் அதற்கும் அப்புறம்! ஈரத்தோடு சைக்கிள் ஏறும் பிரச்சினையே இல்லை. அன்று கலந்துகொண்டவர்களில் ஒருவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். அவர்தான் 1978 பிப்ரவரி 18-ல் ஹவாயின் ஒவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் போட்டியை நடத்தினார். நீச்சலை முதலில் வைத்தார். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கே 11 மணி 46 நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரம் ஓடும் போட்டியில், நடுவில் நிதானமாக உடை மாற்றினால் யார் கேட்கப் போகிறார்கள்? அதுவுமில்லாமல் ஹவாய்த் தண்ணீர் நம்ம மெரினா மாதிரி வெதுவெதுப்பு. வெட்சூட்டே வேண்டாம்.

போட்டி குளிர்ந்த கடல்களுக்கும் ஏரிகளுக்கும் பரவியபோதுதான் இரண்டு கதைகளும் சந்தித்தன. ஆரம்பத்தில் அலைச்சறுக்கு உடுப்பைக் கடன் வாங்கிப் போட்டார்கள். தோள்பட்டை அசையாது, கை சுழற்றினால் ரப்பரோடு மல்லுக்கட்டு. 1987-ல் டான் எம்ஃபீல்ட், 'கின்டானா ரூ' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நீச்சலுக்கென்றே ஒரு வெட்சூட் செய்தார். (அது மெக்சிகோவில் ஒரு மாநிலத்தின் பெயர்.) வெளிப்பக்கம் வழுவழு, தோளில் நெகிழ்வு. குளிர் தடுப்பதோடு இடுப்பையும் காலையும் மிதக்கவிட்டது. சுமாராக நீந்துகிறவர்களுக்குக் கால் மூழ்குவதுதான் பெரிய தொல்லை என்பதால், அவர்களுக்கு இது வரப்பிரசாதம். குளிருக்கான உடுப்பு, வேகத்துக்கான உடுப்பாக மாறிய இடம் இது.

உடனே விதிகளும் வந்தன. இன்று உலக டிரையத்லான் அமைப்பின் கணக்கில் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒலிம்பிக் தூரமான 1500 மீட்டருக்கு, தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்கு வந்துவிட்டால் முன்னணி வீரர்களுக்கு அனுமதி இல்லை. என்னைப் போன்ற வயதுப்பிரிவு ஆட்களுக்கு 22 வரை சலுகை.

ஆனால் தண்ணீரில் சம்பாதித்த நொடிகளைக் கரையில் தொலைத்தால் என்ன லாபம்? அதனால் கழற்றுவது தனி வித்தையாக வளர்ந்தது. ரகசியம் உள்ளே இருக்கும் அந்தத் தண்ணீர்தான். அது வழியும் முன் கழற்றினால் ரப்பர் வழுக்கும், வடிந்துவிட்டால் கவ்வும். ஆகவே கரையேறிய முதல் எட்டிலேயே முதுகு ஜிப்பின் நீளக் கயிறை இழுத்து, ஓடிக்கொண்டே இரண்டு தோளையும் கையையும் உருவி இடுப்புக்கு இறக்கிவிட வேண்டும். சைக்கிள் பக்கத்தில் வந்ததும் ஒரே தள்ளாகத் தொடைக்குக் கீழே. பிறகு குனியக் கூடாது. ஒரு காலால் உடுப்பை மிதித்துக்கொண்டு மறு காலை மேலே உருவ வேண்டும், அப்புறம் கால் மாற்றி அதையே. கணுக்கால் ஒல்லி, குதிகால் அகலம், அதனால்தான் அங்கே சிக்குகிறது. பலர் கால்பகுதியைக் கத்தரிக்கோலால் இரண்டு விரற்கடை வெட்டிவிடுகிறார்கள். சிலர் சமையல் எண்ணெய் ஸ்பிரேயைக் கணுக்காலில் அடித்துக்கொள்கிறார்கள். வாசலின் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும் என்கிறார்கள் செய்கிறவர்கள்.

முன்னணி வீரர்கள் கழற்றிய உடுப்பைத் தங்கள் பெட்டிக்குள் போட்டாக வேண்டும். வெளியே கிடந்தால் தண்டனை நொடிகள். விளையாட்டில்லை இது. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் ஜொனாதன் பிரவுன்லீ, நீச்சல் முடிந்த அவசரத்தில் கோட்டுக்கு முன்பே சைக்கிள் ஏறியதற்கு 15 நொடி நின்றுவிட்டு ஓடி வெண்கலம் வாங்கினார். அதே ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் நிக்கோலா ஸ்பிரிக், லிசா நோர்டேன் இருவருக்கும் ஒரே நேரம்: 1 மணி 59 நிமிஷம் 48 நொடி. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஸ்பிரிக்குக்கு என்று சொன்னார்கள்.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் நீளத்தூரப் போட்டிகள் பலவற்றில் உருவிவிடுவதற்கென்றே தொண்டர்கள் நிற்பார்கள். மல்லாந்து படுத்து காலைத் தூக்கினால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே இழு. சின்ன வயசில் ஈர டவுசரை அம்மா உருவியது ஞாபகம் வருகிறது. எனக்கு அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

கூட ஓடுகிற நண்பர், "750 மீட்டருக்கு எதுக்குங்க வெட்சூட்? நீங்க மிச்சம் பிடிக்கிறத விடக் கழட்டுறதுல போறதுதான் ஜாஸ்தி" என்றார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் நான் நீந்தக் கற்றது ஊர்க் கிணற்றில், சுவரைத் தொட்டுத் தொட்டு. அடி தெரியாத கறுப்பு ஏரியின் நடுவில் மூச்சு முட்டும்போது, மல்லாந்தால் தானாக மிதக்கும் என்கிற அந்த ஒரு தைரியம் அந்த ரப்பரில்தான் இருக்கிறது. அதை விட மனசில்லை.

போன மாதம் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெட்சூட்டோடு இறங்கி ஏறி, மகள் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்துப் பழகினேன். முதல் தடவை 1 நிமிஷம் 50 நொடி. ஆறாவது தடவை 48 நொடி. குளியலறைக் கதவின் கைப்பிடி மட்டும் கழன்று வந்துவிட்டது.