55 வயதுக்குப் பிறகு எங்கே இருப்பது?

மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடு, முதலாளி பங்கு 5 விழுக்காடு. 55 வயதில் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனா ரப்பர் தோட்டத்தில் அது பாதிக் கணக்கு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் வீடும் போச்சு. குறைந்த சம்பளத்தில் சேர்ந்த காசு, வீடு வாங்கவா, சாப்பிடவா?

1957 சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். 55 வயது வரைக்கும் காத்திருக்கவே வழியில்லாமல் குடும்பங்கள் வெளியேறின.

இதற்குப் பதிலாக 1960-இல் வந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொடங்கியவர் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். அந்தக் காசில் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். வேலையும் லயமும் ஒன்றாகத் தப்பின.

சங்கப் பங்கு, சொந்த வீட்டு கிராண்டுக்குச் சமமில்லைதான். ஆனாலும் அந்த 10 வெள்ளிக்குப் பின்னால் ஒரு தெளிவு இருந்தது. இன்னிக்கு ஈப்போவில் காப்புறுதி, சேமநிதி லாப ஈவு என்று எதைப் பேசினாலும், "எவ்வளவு சேரும்?" என்றுதான் கேட்கிறோம். தோட்டத்து ஆட்கள் அதற்கு முன்னாடி கேட்டது, "எங்கே இருப்போம்?" வாடகை வீட்டில் ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு முதல் கேள்வி இன்னமும் அதுதான்.