கிரீஸ் துப்பாக்கியின் கதை

பட்டறையில் லாரிக்குக் கிரீஸ் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்கருவிக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

மோட்டார் வாகனங்களின் தொடக்க நாள்களில், தேயும் இணைப்புகளில் சிறு கிண்ணங்கள் இருந்தன. ஓட்டுநர் அவற்றில் கிரீஸை நிரப்பி, மூடியைத் திருகி உள்ளே தள்ளுவார். மறந்தால் இணைப்பு தேய்ந்துவிடும். இத்தொல்லையைத் தீர்க்க, முதல் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் ஆர்தர் குல்போர்க் கிரீஸ் துப்பாக்கியை உருவாக்கினார். அது ‘அலமைட்’ என்று பெயர் பெற்றது. துப்பாக்கியின் வாய் பொருந்தும் சிறு நிப்பிளுக்கு, ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் 1929இல் காப்புரிமை பெற்றார்.

கையின் வேலையைப் பின்னர் காற்று ஏற்றது. அகன்ற பிஸ்டனைக் காற்று தள்ள, அதனோடு இணைந்த மெல்லிய பிஸ்டன் கிரீஸை அழுத்துகிறது. பரப்பில் 50 மடங்கு வேறுபாடு இருந்தால், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்றழுத்தம் ஏறத்தாழ 5,000 பவுண்டாகிறது.

அந்த அழுத்தம் தோலையும் துளைக்கும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். தொடக்கத்தில் வலியும் குறைவாக இருக்கலாம். அதை நம்பித் தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆகவே, குழாயில் கசிவு உண்டா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். நிப்பிளைத் துடைத்த பின்பே துப்பாக்கியைப் பொருத்துங்கள். காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் காற்றை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.