வானமும் வரியும்

வானியல் வியப்பிலே பிறந்தது என்று கூறுவாருளர். இருளிலே விண்மீன்களை அண்ணாந்து நோக்கி மலைத்து நின்ற ஆதி மனிதனின் சித்திரம் கவிதைக்குப் பொருந்தலாம். ஆயின் வியப்பு எங்கும் உண்டு. எழுதிவைக்கப்பட்ட கணக்கோ ஒரு சில இடங்களிலேயே தோன்றிற்று. அவற்றுள் மிகப் பழையதொன்றாகிய பாபிலோனை நோக்குவோமாயின், அக்கணக்கின் அருகே களஞ்சியமும் வரியும் நிற்பதைக் காண்போம்.

கி. மு. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹம்முராபி மன்னன், லார்சாவிலிருந்த தன் அதிகாரி சின்-இத்தினாமுக்கு எழுதிய களிமண் மடலொன்று கிடைத்துள்ளது. ஆண்டிலே ஒரு மாதம் கூட்டப்படுகிறது. வரும் மாதத்தை இரண்டாம் உலூலு எனப் பதிக என்பது அவன் ஆணை. அடுத்த வாக்கியமே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. தஷ்ரீத்து மாதம் 25ஆம் நாள் பாபிலோன் வந்துசேரவேண்டிய வரி, இரண்டாம் உலூலு 25ஆம் நாளே வந்துவிடவேண்டுமாம்! நாட்காட்டி ஒரு மாதம் நீண்டது. கமக்காரனின் தவணையோ ஒரு நாளேனும் நீளவில்லை.

மாதம் கூட்டவேண்டிய தேவை என்ன? பிறை கண்டு மாதம் தொடங்கும் நாட்டிலே பன்னிரு மாதங்களுக்கு 354 நாட்களே உண்டு. ஞாயிற்றின் ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நாள் குறைவு. மூன்றாண்டு வாளாவிருந்தால் அறுவடைக்குரிய மாதம் பார்லி முற்றுமுன்னரே வந்துவிடும். கி. மு. 7ஆம் நூற்றாண்டுப் பிரதிகளிலே கிடைக்கும் 'முல் அப்பின்' என்னும் நூல் இதற்கொரு விதி கூறுகிறது: ஆண்டின் முதல் மாதத்து முதல் நாளிலே பிறை கார்த்திகை மீன்களோடு கூடினால் ஆண்டு சரி; மூன்றாம் நாளிலே கூடினால் ஒரு மாதம் சேர்க்கவேண்டும். அந்நூற் பெயரின் பொருள் 'ஏர் மீன்' என்பதாகும். உழுபடையை வானிலே கண்டவர் யாவர் என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை.

வயலிலிருந்து எழுந்த இவ்வறிவு கோயிலிலும் அரண்மனையிலும் நிமித்த நூலாயிற்று. அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் (கி. மு. 681-669) காலத்து அறிஞர் மடல்கள் நினிவே நகரிலே அகழ்ந்தெடுக்கப்பட்டன. சந்திர கிரகணம் அரசனுக்குச் சாவைக் குறிப்பதாயின், வேறொருவனை அரியணையில் இருத்துவர். அரசிக் கோலத்திலே அவனருகே ஒரு பெண்ணும் இருப்பாள். நூறு நாள் வரை அவன் 'அரசன்', பின்னர் கொல்லப்படுவான். அந்நாட்களில் மறைந்திருக்கும் உண்மை அரசனை அறிஞர் தம் மடல்களிலே எவ்வாறு விளித்தனர் தெரியுமா? 'உழவன்' என்று! வரி தண்டும்போது கண்ணுக்குத் தெரியாதிருந்த உழவனின் பெயர், சாவு வரும்போது அரசனுக்கு ஒளிந்துகொள்ள உதவிற்று.

இதனைக்கொண்டு அவ்வறிஞரை வெறும் ஏமாற்றுக்காரர் எனத் தள்ளிவிடுதல் எளிது. நம் அணியினர் சிலர் அவ்வாறு செய்வதுமுண்டு. அது வரலாறாகாது. கிரகணத்துக்கு அஞ்சியவன் அது வரும் நாளை முன்னறிய விரும்பினான். முன்னறிய இடையறாத பதிவு வேண்டியிருந்தது. 223 மாதங்களுக்கு ஒருமுறை, அதாவது 18 ஆண்டும் ஏறத்தாழ 11 நாளும் கழிய, ஒத்த கிரகணங்கள் மீள்வதை அவர்கள் கண்டது அப்பதிவினாலேதான். (நம் பஞ்சாங்கத்துப் பன்னிரு இராசிகளும் அம்மண்ணிலே பிறந்து கிரேக்கர் வழியாக இந்தியாவை அடைந்தவை என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.)

எஞ்சியுள்ள வானக் குறிப்பேடுகளுள் மிகப் பழையது கி. மு. 652ஐச் சேர்ந்தது, இறுதியானது கி. மு. 61ஐச் சேர்ந்தது. இரவுதோறும் நிலவின் இடம், கோள்களின் இடம், முகில், மழை. மாத முடிவிலோ ஒரு சேக்கல் வெள்ளிக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு பேரீச்சை, எள், கம்பளி என்ற விலைக் கணக்கும், யூப்பிரட்டீஸின் நீர்மட்டமும். வியாழனையும் பார்லி விலையையும் ஒரே ஓட்டில் எழுதிய அக்கைகள் எவருடையனவோ, அவர்களும் கூலிக்கு வாழ்ந்தவரே. கி. மு. 323இல் அலெக்சாந்தர் பாபிலோனிலே இறந்த நாளும் அக்குறிப்பேட்டில் உண்டு. அரசன் இறந்தான் என்று சுருங்கக் கூறிவிட்டு, அந்நாள் வானத்தை முகில் மூடியிருந்ததையும் எழுதியவர் குறித்து வைத்துள்ளார்.