கடல் அட்டை இனப்பெருக்கம்

கடல் அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்துப் பண்ணையிலோ கடலிலோ விடும் தொழில்நுட்பத்துக்கு நூறாண்டு வரலாறுகூட இல்லை. ஆனால் உலர்ந்த அட்டைக்குச் சீனச் சந்தையில் பல நூற்றாண்டுகளாகவே கிராக்கி உண்டு. ஓடத் தெரியாத உயிரி இது. ஆழம் குறைந்த இடத்தில் கையாலேயே பொறுக்கிவிடலாம். ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் நீரில் முட்டையும் விந்தும் கூடும். அளவுக்கு மீறி அள்ளிய இடத்தில் எஞ்சியவை விலகிக் கிடப்பதால், பிடிப்பதை நிறுத்தினாலும் இனம் எளிதில் மீள்வதில்லை.

ஜப்பானில் 1930களில் இனாபா என்ற ஆய்வாளர் குளிர்நீர் அட்டையின் லார்வாக்களை வளர்த்துப் பார்த்தார். 1950களில் சீனா இந்த முயற்சியில் இறங்கியது. 1980களில் அங்கே குஞ்சு உற்பத்தி பேரளவை எட்ட, லியாவோனிங், ஷான்டோங் மாகாணங்களில் பெருந்தொழில் உருவானது.

வெப்பக்கடல் அட்டைக்கான வழியைத் திறந்தது தூத்துக்குடி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அங்குள்ள மையத்தில், டி.பி. ஜேம்ஸ் குழுவினர் 1988இல் வெள்ளை அட்டை என்ற இனத்தின் குஞ்சுகளை உலகிலேயே முதன்முறையாகத் தொட்டியில் உருவாக்கினர்.

வெளித்தோற்றத்தில் ஆண், பெண் தெரியாது என்பதால் தாய் அட்டைகள் பலவற்றை ஒரே தொட்டியில் விடுவார்கள். நீரின் வெப்பத்தை 3 முதல் 5 டிகிரி உயர்த்தியதும், முதலில் ஆண்கள் உடலின் முன்பகுதியைத் தூக்கி மெல்ல அசைந்தபடி வெண்புகைபோல் விந்தை வெளியிடும். சற்று நேரத்தில் பெண் முட்டைகளைப் பீய்ச்சும். ஒரு பெண் லட்சக்கணக்கில் முட்டைகள் இடக்கூடும். கண்ணாடிபோல் தெளிந்த லார்வாக்கள் நுண்பாசியைத் தின்று மிதக்கும். சுமார் 2 வாரத்தில் பாசி படிந்த தகடுகளில் ஒட்டிக் குட்டி அட்டைகளாகும். சர்காசம் கடற்பாசியை அரைத்து வடித்த சாறு அவற்றுக்கு உணவு. கண்ணுக்கு எளிதில் படாத கோப்பிபாடு எனும் நுண்ணிய ஓட்டுடலிகள் தொட்டியில் பெருகிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

பின்னர் சாலமன் தீவுகள், நியூ கலிடோனியா, வியட்நாம், மடகாஸ்கர் ஆகியவற்றிலும் வெள்ளை அட்டைக் குஞ்சுகள் உற்பத்தியாயின. வியட்நாமில் இறால் குளங்களில் இவற்றை வளர்க்கிறார்கள். தென்மேற்கு மடகாஸ்கரில் வேசோ மீனவக் குடும்பங்கள் கடலில் அடைப்பு கட்டி வளர்க்கின்றன. அட்டைகள் மணலிலிருந்து வெளிவரும் இரவு வேளையில் அவற்றை எண்ணி எடுக்கின்றன. இலங்கையின் வடக்கிலும் பண்ணைகள் பெருகியுள்ளன. வருமானத்துக்காக அவற்றை வரவேற்போர் ஒருபுறம். அடைப்புகள் சிறுமீனவரின் தொழிலிடத்தைப் பறிக்கின்றன என்று போராடுவோர் மறுபுறம்.

இந்தியாவில் 2001இல் எல்லாக் கடல் அட்டைகளும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் விற்பதும் குற்றமானதால் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா குளியாளிகள் ஒரு வருமானத்தை இழந்தனர். தூத்துக்குடியின் நுட்பமும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டித் தொழிலாகவில்லை. அவித்து உலர்த்திய பின் பண்ணை அட்டையையும் கடலில் பிடித்த அட்டையையும் பார்வையால் பிரித்தறிய முடியாது. பண்ணையை அனுமதித்தால் திருட்டு அட்டையும் அதன் பெயரில் விலைபோகும். ஆகவே பொரிப்பகத்திலிருந்து ஏற்றுமதிவரை தடமறியும் ஏற்பாடு முதலில் வர வேண்டும். அதுவரை, குஞ்சுகளைக் கண்காணிப்புடன் கடலில் விட்டு அழிந்த திட்டுகளை மீட்பதற்கு இந்த நுட்பத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.