சிங்கி நடந்த பாதை

வீட்டை விற்றுவிட்டு, ஒரு மாதம் போர்ச்சுகல், ஒரு மாதம் இத்தாலி, பிறகு கிரீஸ் என்று வண்டியிலேயே குடித்தனம் நடத்தி ஊர் பார்க்கும் கணவன் மனைவியரைப் பற்றி இப்போது அடிக்கடி படிக்கிறோம். இந்தக் காலத்துக்கே உரிய புது வாழ்க்கை என்று வியக்கவும் செய்கிறோம். ஆனால் ஊர் ஊராகப் போய், கண்டதைச் சொல்லி, அந்தச் சொல்லை வைத்தே பிழைத்த தம்பதியை நம் தெற்குச் சீமை முந்நூறு வருஷத்துக்கு முன்பே அறிந்திருந்தது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சோழபுரம், சேத்தூர் வட்டாரத்தைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தென்காசிக்குப் போகும் வழியின் கடைசியில் இருக்கிறது குற்றாலம். அங்கே பிறந்த திருக்குற்றாலக் குறவஞ்சி என்ற நூலில் வரும் குறவன் சிங்கனும் குறத்தி சிங்கியும்தான் அந்தத் தம்பதி. தமிழரின் பயண வரலாற்றைப் பயண நூல்கள் எழுதிய ஏ.கே. செட்டியாரிடமிருந்து, அதாவது கப்பலேறிய காலத்திலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கால்நடையாகத் திரிந்த இந்த இருவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய நூல் இது. மதுரை முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) இதற்காக அவருக்கு மானியமாகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். நூலின் நாயகி வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசு வாங்கிய சிங்கியை, பறவை பிடிக்கப் போயிருந்த சிங்கன் தேடி அலைந்து கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பெல்லாம் நகை. அவனுக்கோ எல்லாம் பாம்பும் பூச்சியுமாகத் தெரிகிறது. காலில் கிடப்பது என்ன, விரலில் சுருண்டிருப்பது என்ன, கழுத்தில் நெளிவது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவளும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரைச் சொல்கிறாள். சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கியது. கால்விரல் பீலி கண்டியிலிருந்து வந்தது. சல்லாச் சேலை நெல்வேலிக்காரர் தந்தது. முத்தாரம் காயல்காரர் கொடுத்தது. கழுத்துச் சவடி குட்டநாட்டாரும் காயங்குளத்தாரும் போட்டது. பாதத்திலிருந்து கழுத்துவரை அவள் அணிந்திருப்பது அவள் போய்வந்த வழித்தடம்தான். மனைவி கணவனுக்குச் சொல்லும் பயணக் கதையாக இதைவிட உயிருள்ள பகுதியை நம் பழைய இலக்கியத்தில் காண்பது அரிது.

இது கவியின் கற்பனை, குறவஞ்சி என்ற வகையின் வாய்பாடு, இதை எப்படி வரலாற்றுச் சான்றாகக் கொள்வது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தஞ்சைச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் வருபவளும், வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் வருபவளும் இதே அச்சில் வார்க்கப்பட்டவர்களே. குற்றாலத்துச் சிங்கியும் தன் பெருமை பேசும் இடத்தில் காசி, வங்காளம், மக்கம், சீனம் என்றெல்லாம் அடுக்குகிறாள். அதை மிகை என்று ஒதுக்கிவிடலாம். நகைப் பட்டியலை அப்படி ஒதுக்க முடியாது. அது நிதானமானது. முத்துக்குளிக்கும் கரையிலிருந்து முத்து வருகிறது. மதுரை நாயக்கர் குடும்பத்தில் கண்டி அரசர் பெண்ணெடுத்த காலத்தில் கண்டியிலிருந்து ஒரு நகை வருவது இயல்பு. மார்த்தாண்ட வர்மர் 1746இல் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொள்ளும்வரை காயங்குளம் தனி அரசாக இருந்தது. அதன் பெயரைக் கவிராயர் தனித்துச் சொல்வதில் வியப்பில்லை. சிங்கி என்றொருத்தி பிறந்தாள் என்று நான் வாதிடவில்லை. இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், அங்கெல்லாம் ஒரு குறத்தி போய்வருவாள் என்று கேட்டவர்கள் தடையில்லாமல் நம்பினார்கள் என்பதே எனக்குப் போதும். அப்படி நடமாடியவர்களைத் தெருவில் கண்டிராத சனங்களிடம் அந்தப் பாட்டு எடுபட்டிருக்காது.

இன்னொரு சான்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் உயிரோடிருக்கும் மிகச் சில கோயில்களில் ஆண்டாள் கோயிலும் ஒன்று. அந்த மரபில் முத்துக்குறி என்றொரு பகுதி உண்டு. காதலில் வாடும் நாயகி, கவலைப்படும் தாய், முத்தைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சி என எல்லாமாகவும் அரையர் ஒருவரே நின்று நடிக்கிறார். வழிப்போக்கியான ஒரு பெண்ணின் வாக்குக்குப் பெருமாள் சன்னிதியிலேயே இடம் கொடுத்த சமூகம் இது. நாலு ஊர் கண்டவளுக்கு நாலும் தெரியும் என்ற மதிப்பு இல்லாமல் அது நடந்திருக்குமா?

வயிற்றுப்பாட்டுக்காக அலைந்ததை ஊர் பார்த்தல் என்று அழகுபடுத்தலாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பசியை நான் மறைக்கவில்லை. ஆனால் குறி சொல்லும் தொழிலுக்கு முதலே கண்ட ஊர்தான். எந்த மலையில் எந்தத் தெய்வம், எந்த அருவி எப்போது விழும், எந்த அரண்மனையில் என்ன சேதி என்று தெரியாதவள் வாசலில் நின்று வாய் திறக்க முடியாது. சிங்கி தன் மலையையும் ஆற்றையும் சொல்லும் இடங்களில் இருப்பது உரிமையோடு பார்த்த கண். பிழைப்பும் பார்வையும் அவளிடம் ஒட்டிப் பிறந்தவை. பிழைப்பு கலந்தால் பார்வை மட்டம் என்று நினைப்பது வசதியுள்ளவர்களின் அளவுகோல்.

அந்த அளவுகோல் என்ன செய்தது என்பதற்குத் தென் ஐரோப்பாவே சாட்சி. கவிராயர் வாழ்ந்த அதே 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் வெனிஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று இத்தாலியைச் சுற்றி வந்தார்கள். அது கல்வி எனப்பட்டது. அதே நூற்றாண்டில், 1749 ஜூலையில், ஸ்பெயின் அரசு ரோமா மக்களை ஒரே நேரத்தில் நாடு முழுவதும் வளைத்துப் பிடித்தது. முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் அவர்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கைதுசெய்து, ஆண்களை ஓரிடத்திலும் பெண்களை வேறிடத்திலும் அடைத்தார்கள். கணவனையும் மனைவியையும் பிரித்துவிட்டால் அந்த இனமே இல்லாமல் போய்விடும் என்பது கணக்கு.

நம் பக்கத்துக் கதையும் அதிகம் வேறல்ல. கழுதையிலும் மாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வியாபாரம் செய்த குறவர் குடும்பங்களின் பிழைப்பை, வெள்ளைக்காரர் ஆட்சியின் உப்புச் சட்டங்களும் ரயிலும் பறித்தன. பிழைப்பு போனபின் அலைவதே குற்றமாயிற்று. 1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயர் பதிந்தவர்கள் சீட்டு இல்லாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது. சிலம்புக்குச் சேலத்தையும் பீலிக்குக் கண்டியையும் சொன்னவளின் வழியில் வந்தவர்கள், அடுத்த ஊர் போகக் காவல் நிலையத்தில் கைகட்டி நின்றார்கள். 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் ஓடத் தொடங்கி, சாரல் பார்க்கப் போகிறவர்களுக்குக் குற்றாலம் கிட்டத்தில் வந்த காலமும் இதுவே. ஒருவருக்கு உல்லாசமான வழி இன்னொருவருக்கு அடைபட்டுக் கிடந்தது. அந்தச் சட்டம் இந்தியா முழுவதும் ஒழிந்தது 1952இல்தான். அவர்கள் மீதான சந்தேகம் இன்னும் ஒழியவில்லை.

இந்தக் குறவர் குடும்பங்கள் நடந்த பாதை ஏட்டில் இருப்பதைவிட மனிதர்களின் நினைவில் அதிகம் இருக்கிறது. எந்த மாதம் எந்த ஊர், எந்த மரத்தடியில் தங்கல், எந்த வீட்டில் தானியம், எந்தத் திருவிழாவுக்கு எந்த வழி என்பதெல்லாம் அவர்களின் பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் தெரியும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வரலாறும் தமிழும் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். தள்ளிப்போட இதில் நேரமில்லை.